ஆயா சொன்ன பதிலும் 32.9 சதவீதமும்

2025ஆம் ஆண்டின் முதல் காலாண்டில் தென்னாப்பிரிக்காவின் வேலையின்மை 32.9 சதவீதம் என்று அந்நாட்டுப் புள்ளியியல் நிறுவனமான ஸ்டாட்ஸ் எஸ்ஏ மே மாதம் அறிவித்தது. அடுத்த மாதமே கேப்பிடெக் வங்கியின் அப்போதைய தலைமை நிர்வாகி ஹெரி ஃபூரி, டவுன்ஷிப்களில் (நகரங்களின் ஓரத்தில் உள்ள, பெரும்பாலும் கறுப்பர்கள் வாழும் குடியிருப்புகளில்) சொந்தத் தொழில் செய்து பிழைப்பவர்களையும் சேர்த்தால் விகிதம் 10 சதவீதம் அளவில்தான் இருக்கும் என்றார். தலைமைப் புள்ளியியலாளர் ரிசெங்கா மலுலேகே அதை மறுத்தார். டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் ஃபூரி சொன்னதே சரி என்று நினைப்பவர்கள் நிறைய. கராஜில் டக் ஷாப் என்ற சின்னக் கடை வைத்திருப்பவர், வீட்டில் ஓவர்லாக்கர் போட்டுத் தைப்பவர், வெள்ளிக்கிழமை சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் மேசை போடுபவர் என்று ஆளுக்கு நாலு பேரைத் தெரியும். அவர்களை யார் எண்ணினார்கள் என்ற கேள்வி இயல்பாகவே வரும்.

எண்ணுகிறார்கள். இந்தக் கணக்கெடுப்பில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை எல்லோரும் கைநீட்டும் இடத்தில் இல்லை, வேறு இடத்தில் இருக்கின்றன.

முதலில் எண் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். 32.9 என்பது லேபர் சென்டரில் (அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில்) பதிந்தவர்களின் எண்ணிக்கை அல்ல, வேலையின்மைக் காப்பீட்டு நிதியான யுஐஎஃப் பணம் வாங்குபவர்களின் எண்ணிக்கையும் அல்ல. 2008 முதல் நடக்கும் காலாண்டு தொழிலாளர் கணக்கெடுப்பிலிருந்து வருவது அது. நாட்டைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, மாகாணம், நகரம், கிராமம் என்று அடுக்கி, அவற்றில் சிலவற்றைக் குலுக்கலில் எடுக்கிறார்கள். எடுத்த ஒவ்வொரு பகுதியிலும் உள்ள குடியிருப்புகளைப் பட்டியல் போட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மொத்தம் ஏறத்தாழ 30,000 வீடுகள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 1 கோடியே 78 லட்சம் குடும்பங்கள் இருப்பதால், சுமார் 600 வீட்டுக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளலாம். தேர்வான வீடு தொடர்ந்து நான்கு காலாண்டுகள் பட்டியலில் இருக்கும். ஒவ்வொரு காலாண்டிலும் கால் பங்கு வீடுகள் விலகி, புது வீடுகள் உள்ளே வரும்.

சிறைச்சாலை, மருத்துவமனை, முதியோர் இல்லம், மாணவர் விடுதி, ராணுவப் பாசறை எதுவும் இதில் சேராது. தொழிலாளர் விடுதிகள் மட்டும் உண்டு. 15 முதல் 64 வயது வரை உள்ளவர்களைப் பற்றித்தான் வேலைக் கேள்விகள்.

அந்தக் கேள்விகளில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது. “உங்களுக்கு வேலை இருக்கிறதா?” என்று நேராகக் கேட்பதில்லை. கேட்டால் பதில் தவறிவிடும். நம் பேச்சில் ‘வேலை’ என்றால் மாதச் சம்பளம், முதலாளி, பேஸ்லிப். நாள்கூலிக்குப் போகிற ஜுலு இளைஞரும் தான் செய்வதை ‘இதோஹோ’, பீஸ் ஜாப் என்பார், வேலை என்று சொல்லமாட்டார். அதனால் கேள்வியை மூன்றாக உடைத்திருக்கிறார்கள். போன வாரம் திங்கள் முதல் ஞாயிறு வரை, கூலிக்கோ சம்பளத்துக்கோ கமிஷனுக்கோ பொருளாகக் கிடைக்கும் ஊதியத்துக்கோ ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா? சின்னதோ பெரியதோ, சொந்தமாக ஏதாவது வியாபாரம் ஒரு மணி நேரமாவது செய்தீர்களா? வீட்டார் நடத்தும் தொழிலில் சம்பளமில்லாமல் ஒரு மணி நேரமாவது ஒத்தாசை செய்தீர்களா?

மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்றால் போதும், அவர் வேலையில் இருப்பவர். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் செய்து அக்கம்பக்கத்தில் விற்றவர், கோயில் வாசலில் சாமந்தி மாலை கட்டி விற்றவர், மாமாவின் பேக்கியிலிருந்து (பிக்அப் வண்டியிலிருந்து) இரண்டு மணி நேரம் காய்கறி இறக்கியவர், கட் மேக் அண்ட் டிரிம் என்ற ஒப்பந்தத் தையல் முறையில் வீட்டில் உருப்படிக்கு இவ்வளவு என்று தைத்தவர், எல்லோரும் அந்த வாரத்தில் வேலையுள்ளவர்கள். கடைசியாகச் சொன்ன ரகம் நம் பகுதிகளில் அதிகம். 1990களில் இறக்குமதி வரி குறைந்து டர்பன் ஆடைத் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடியபோது வேலையிழந்த பெண்களில் பலர் மிஷினை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

இந்த ஒரு மணி நேர விதி சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறையிலிருந்து வந்தது. அது வேலையின்மையைக் குறைத்துக் காட்டும் பக்கம்தான் சாய்கிறது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் சம்பாதிப்பவர் ‘வேலையில்லாதவர்’ வரிசைக்கு வரவே முடியாது.

இப்போது ஃபூரியின் 10 சதவீதத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். 2025 முதல் காலாண்டில் வேலையில் இருந்தவர்கள் 1 கோடியே 68 லட்சம், வேலையில்லாதவர்கள் 82 லட்சம். இரண்டையும் கூட்டினால் 2.5 கோடி. அதில் 10 சதவீதம் என்றால் 25 லட்சம் பேர்தான் வேலையில்லாமல் இருக்க வேண்டும். அப்படியானால் மீதி 57 லட்சம் பேர் ரகசியமாக ஏதோ தொழில் செய்துகொண்டு, மூன்று கேள்விக்கும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அதே கேள்விகளுக்கு ஆம் என்று சொல்லி, முறைசாராத் துறையில் எண்ணப்பட்டவர்கள் ஏற்கெனவே 30 லட்சத்துக்கு மேல். பிடிபட்டதைவிடப் பிடிபடாதது ஒன்றரை மடங்குக்கும் அதிகம் என்று நம்பினால்தான் 10 சதவீதம் வரும். சிலர் மறைத்திருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை. வருமானமில்லாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை நின்றுவிடுமோ, வரித்துறைக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் உண்மையானது. ஆனால் அந்தப் பயத்தால் 57 லட்சம் பேரை மறைக்க முடியாது.

‘தேடினீர்களா’ என்ற கேள்வி

எண்ணைப் பெரிதாக அசைப்பது வேறொரு கேள்வி. வேலை செய்யாதவர் எல்லோரும் ‘வேலையில்லாதவர்’ ஆகிவிடுவதில்லை. கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடியிருக்க வேண்டும், அல்லது தொழில் தொடங்க முயன்றிருக்க வேண்டும். கிடைத்தால் உடனே சேரத் தயாராகவும் இருக்க வேண்டும். தேடுவது என்றால் விண்ணப்பம் போடுவது மட்டுமில்லை. உறவினரிடம் சொல்லிவைப்பதும் தேடுவதுதான், தெருவோரத்தில் கூலிக்கு நிற்பதும் தேடுவதுதான். எதுவும் செய்யாமல், “இங்கே வேலையே இல்லை, அலைந்து என்ன பயன்” என்று உட்கார்ந்துவிட்டவர் தொழிலாளர் கணக்கிலிருந்தே வெளியேறிவிடுகிறார். அவருக்கு மனம் தளர்ந்தவர் என்று தனிப் பெயர். 2025 முதல் காலாண்டில் அப்படிப்பட்டவர்கள் சுமார் 35 லட்சம். இவர்களையும், வேலைக்குத் தயாராக இருந்தும் வேறு காரணங்களால் தேடாதவர்களையும் சேர்த்தால் வருவது விரிந்த வரையறை. அதன்படி அதே காலாண்டின் விகிதம் 43.1 சதவீதம்.

இந்தக் கேள்வி எவ்வளவு ஆட்டம் காட்டும் என்பதற்கு 2020ஐவிட நல்ல சாட்சி இல்லை. முதல் காலாண்டில் விகிதம் 30.1 சதவீதம். லாக்டவுன் வந்த இரண்டாம் காலாண்டில் 22 லட்சம் பேர் வேலை இழந்தார்கள். விகிதம் ஏறியிருக்க வேண்டும். 23.3 ஆக இறங்கியது! யாரும் தவறு செய்யவில்லை, எண்ணைத் திரிக்கவும் இல்லை. வாசலைத் தாண்டக்கூடாது என்று சட்டம் இருக்கும்போது யார் வேலை தேடுவார்கள்? வேலை இழந்தவர்களும், ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தவர்களும் ‘தேடவில்லை’ என்றார்கள். லட்சக்கணக்கானவர்கள் கணக்கைவிட்டே போனார்கள். விரிந்த விகிதம் மட்டும் 39.7லிருந்து 42.0க்கு ஏறி உண்மையைக் காட்டியது. இரண்டு விகிதங்களும் எதிரெதிர்ப் பக்கம் போகும்போது, தேடியவர்களை மட்டும் எண்ணும் குறுகிய விகிதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவது ஆபத்து.

தென்னாப்பிரிக்காவில் இந்த வரையறைச் சண்டை பழையது. அப்பார்தைட் என்ற இனஒதுக்கல் காலத்துப் புள்ளிவிவரங்களில் டிரான்ஸ்கெய், சிஸ்கெய், வெண்டா, போப்புதட்ஸ்வானா ஆகிய, கறுப்பர்களுக்கென்று பிரித்துவைத்த ‘தாயகங்கள்’ சேரவே இல்லை. 1994க்குப் பிறகுதான் முழு நாடும் கணக்கில் வந்தது. 1998இல் குறுகிய வரையறை அதிகாரபூர்வமானது. என் கருத்தில், கிராமப்புற ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் இருக்கும் ஒருவரிடம், நகரத்துக்குப் போக டாக்ஸிக் காசு இல்லாத நிலையில், “நான்கு வாரமாகத் தேடினாயா” என்று கேட்டு அதைவைத்து அவரை வகைப்படுத்துவது நியாயமில்லை. விரிந்த விகிதமே இந்த நாட்டுக்குப் பொருத்தம்.

கதவைத் திறப்பது யார்

சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். காலை பத்தரை மணி. களப்பணியாளர் கேட்டில் நிற்கிறார். வீட்டில் இருப்பவர் ஆயா மட்டும். ஐந்து பேருக்கும் அவரே பதில் சொல்கிறார்.

“உங்க பேரன் போன வாரம் ஒரு மணி நேரமாவது ஏதாவது வேலை செஞ்சாரா, ஆயா?”

“எங்கம்மா... படிச்சிட்டு சும்மாதான் கெடக்கறான். பாவம்.”

“வேலை தேடறாரா?”

“எந்நேரமும் போனையே பாத்துக்கிட்டு இருக்கான். தேடறதா தெரியல.”

பேரன் வாரத்தில் மூன்று இரவு நண்பரின் காரில் ஊபர் ஓட்டுகிறான். போனில் பார்த்துக்கொண்டிருப்பது வேலை விளம்பரங்கள். ஆயா பொய் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னார். ஆனால் வேலையில் இருப்பவன் ஒருவன் தாளில் வேலையில்லாதவனாகக்கூட வரவில்லை, தேடாதவனாக, தொழிலாளர் கணக்குக்கே வெளியே போய்விட்டான். அவனுடைய ஒரு பதில் அவனைப் போன்ற பல நூறு பேருக்காக நிற்கிறது. மற்றவருக்காகப் பதில் சொல்வதை இந்தக் கணக்கெடுப்பு அனுமதிக்கிறது. அனுமதிக்காவிட்டால் பாதி வீடுகளுக்கு மூன்று முறை போக வேண்டிவரும், செலவு தாங்காது. அதனால் இந்தப் பிழை எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். இளைஞர்களையும் அரைகுறை வேலைகளையும் பற்றிய எண்களில்தான் இது அதிகம் கடிக்கும்.

அதே வீட்டின் பின்புறத்தில் அவுட்பில்டிங் ஒன்று, அதில் ஒரு குடும்பம் வாடகைக்கு. தேர்வான முகவரியில் இருக்கும் எல்லாக் குடும்பங்களையும் எண்ண வேண்டும் என்பது விதி. நகராட்சிக்குத் தெரியாமல் கட்டியது என்றால், பின்னால் யாரும் இல்லை என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். டர்பன் கிளேர் எஸ்டேட்டின் கென்னடி ரோடு போன்ற குடிசைப் பகுதிகளில் வேறு சிக்கல். பட்டியல் போட்ட நாளுக்கும் பேட்டி நாளுக்கும் இடையில் வீடுகளே இடம் மாறியிருக்கும். வாரத்தில் நான்கு இரவு தங்குபவர்தான் குடும்பத்தவர் என்பதால், ஜொஹனஸ்பர்க்கில் வேலை பார்த்து வார இறுதியில் மட்டும் வரும் மகன் இந்த வீட்டுக் கணக்கில் வரமாட்டான். அங்கே அவன் தங்கும் அறையைக் குலுக்கல் தொட்டால்தான் உண்டு.

பிறகு, கதவே திறக்காத வீடுகள். டர்பனுக்கு வடக்கே உம்லங்கா பக்கத்துக் காவல் போட்ட காம்ப்ளெக்ஸ்களில் களப்பணியாளர் காவலாளியைத் தாண்டுவதே பெரும்பாடு. 2020இல் பேட்டிகள் தொலைபேசிக்கு மாறியபோது, எண் கிடைத்த வீடுகளையே தொடர்ந்து அழைத்தார்கள். பதில் விகிதம் சரிந்து, 2021 கடைசியில் பாதிக்கும் கீழே போனது. 2022இல் மறுபடி நேரில் போகத் தொடங்கிய பிறகுதான் ஏறியது. ஆகவே 2020 நடுவிலிருந்து 2021 கடைசி வரை உள்ள எண்களை, குறிப்பாக 2021 கடைசிக் காலாண்டின் 35.3ஐ, முன்பின் எண்களோடு நேராக ஒப்பிடும்போது கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

பதில் தராத வீடுகளை ஈடுகட்ட, தந்த வீடுகளின் எடையை ஏற்றுவார்கள். வயது, பாலினம், இனம், மாகாணம் வாரியாக மக்கள்தொகை மதிப்பீட்டோடு பொருந்தும்படி செய்வார்கள். கதவைத் திறக்காதவர்களும் திறந்தவர்களைப் போன்றவர்களே என்றால் மட்டும் இது சரியாக வேலை செய்யும். வேலைக்குப் போகிறவர் வீட்டில் இருக்கமாட்டார் என்பதால், அந்த அனுமானம் அடிக்கடி இடறும். அந்த மக்கள்தொகை மதிப்பீட்டுக்கும் அடித்தளம் வலுவாக இல்லை. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 31 சதவீதம் பேர் எண்ணப்படாமல் விடுபட்டதாகச் சரிபார்ப்பு ஆய்வே சொன்னது. இந்தியர், வெள்ளையர் வீடுகளில் விடுபட்டவர்களின் பங்கு அதைவிடவும் அதிகம்.

இது தென்னாப்பிரிக்காவின் குறை மட்டும் அல்ல. பிரிட்டனில் பதில் விகிதம் 17 சதவீதம் அளவுக்கு விழுந்து, 2023 அக்டோபரில் அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் தொழிலாளர் கணக்கெடுப்பு முடிவுகளை வெளியிடுவதையே நிறுத்திவைத்தது. அமெரிக்காவில், ஒரே வீட்டில் திரும்பத் திரும்பப் பேட்டி எடுத்தால் முதல் பேட்டியில் வரும் வேலையின்மை பிந்தைய பேட்டிகளில் குறைந்துகொண்டே போவதைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்திருக்கிறார்கள். ‘ஆம், தேடினேன்’ என்றால் கேள்விகள் கூடும் என்று பதில் சொல்பவருக்குப் பழகிவிடுவது ஒரு காரணம்.

நம்மவர் விகிதம் என்று ஒன்று

ஒவ்வொரு அறிக்கையிலும் இன வாரியான அட்டவணை உண்டு. அதில் ‘இந்தியர்/ஆசியர்’ வரிசையைப் பார்த்துவிட்டு, நம்மவரிடையே வேலையின்மை மூன்றே மாதத்தில் இரண்டு புள்ளி ஏறிவிட்டது, அரசு நம்மை ஒதுக்குகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பார்க்கலாம். அந்த முழு அறிக்கையிலேயே மிகவும் நடுக்கமான எண்களில் ஒன்று அதுதான்.

கணக்கு இப்படிப் போகும். மக்கள்தொகையில் இந்தியர் 2.7 சதவீதம். 30,000 வீடுகளில் அது சுமார் 800. பதில் தராதவை போக 600 என்று வைப்போம். வீட்டுக்கு இரண்டு சொச்சம் பேர் உழைக்கும் வயதினர், அதில் வேலையில் இருப்பவர்களும் தேடுபவர்களும் மட்டும் என்றால் 800 பேர் அளவில் நிற்கும். விகிதம் 12 சதவீதம் என்றால், கையில் இருப்பது வெறும் 96 வேலையில்லாதவர்கள். ஒரே பகுதியிலிருந்து பல வீடுகளை எடுப்பதால் கூடும் பிழையையும் சேர்த்தால், 12 என்பது 9ஆகவும் இருக்கலாம், 15ஆகவும் இருக்கலாம். சாட்ஸ்வொர்த்தில் சில பகுதிகளுக்குப் பதிலாக வசதியான ரிசர்வோயர் ஹில்ஸில் சில பகுதிகள் குலுக்கலில் விழுந்தாலே விகிதம் நகர்ந்துவிடும். தமிழர், தெலுங்கர், குஜராத்தி, முஸ்லிம் என்று இதை இன்னும் பிரிக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது, பிரிக்கவும் கூடாது.

நாடு முழுவதற்குமான விகிதத்தில் இதே பிழை ஒரு புள்ளிக்குள் அடங்கும். அதனால்தான் 2025இல் 32.9லிருந்து அடுத்த காலாண்டில் 33.2 ஆனதை ‘வேலையின்மை உயர்வு’ என்று தலைப்புப் போடுவதற்கு அவ்வளவாக ஆதாரமில்லை.

இன்னொரு எண்ணையும் அடிக்கடி தவறாகப் படிக்கிறார்கள். 2025 முதல் காலாண்டில் 15 முதல் 24 வயதினரிடையே 62.4 சதவீத வேலையின்மை என்றால் நூற்றுக்கு 62 பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள் என்று பொருள் இல்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் இருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கணக்கில் வருவதில்லை, வேலையில் உள்ளவர்களையும் தேடுபவர்களையும் மட்டும் வைத்துப் பார்த்த விகிதம் அது. படிப்பும் இல்லாமல், வேலையும் இல்லாமல், பயிற்சியும் இல்லாமல் இருந்தவர்கள் அந்தக் காலாண்டில் 37.1 சதவீதம். பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட இந்த எண்ணே போதும்.

வீட்டுக் கணக்கெடுப்பை விட்டுவிட்டு நிறுவனங்களின் சம்பளப் பட்டியலைப் பார்த்தால் என்ன? அதற்கும் ஒரு காலாண்டு அறிக்கை இருக்கிறது. வாட் (மதிப்புக்கூட்டு வரி) பதிவுள்ள நிறுவனங்களிடமிருந்து வருவதால் நம்பகமானது. ஆனால் விவசாயம் இல்லை, வீட்டு வேலைக்காரர்கள் இல்லை, டக் ஷாப் இல்லை. இரண்டு வேலை பார்ப்பவர் இரண்டு முறை எண்ணப்படுவார். யுஐஎஃப் பதிவேடோ பணம் கட்டியவர்களை மட்டுமே அறியும், அதுவும் பலன் தீரும்வரை. ஒருநாளும் வேலைக்குப் போகாத இருபத்தைந்து வயதுப் பையன் இந்த இரண்டிலும் இல்லை. அவனைக் கண்டுபிடிக்க வீட்டுக் கதவைத் தட்டுவதைவிட வேறு வழி கிடையாது. முறையான துறை வேலைகள் கூடினவா குறைந்தனவா என்பதற்கு நிறுவனக் கணக்கு, யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதற்கு வீட்டுக் கணக்கு. இரண்டும் ஒரே திசையில் போனால் தைரியமாகப் பேசலாம்.

அறிக்கை வந்ததும் தலைப்பு எண்ணை விட்டுவிட்டு, வேலையில் இருப்பவர்கள் உழைக்கும் வயதினரில் எத்தனை பங்கு என்று பாருங்கள். இப்போது அது நூற்றுக்கு ஏறத்தாழ 40. ‘தேடினாயா’ என்ற கேள்வி இதைத் தொடாது, 2020இல் இதுதான் ஏமாற்றாமல் நின்றது. பண்டிகைக் காலக் கடை வேலைகள் ஜனவரியில் முடிந்துவிடும் என்பதால், முதல் காலாண்டைப் போன ஆண்டின் முதல் காலாண்டோடு ஒப்பிடுங்கள். இன வாரி, மாகாண வாரி எண்கள் என்றால் நான்கு காலாண்டுகளின் சராசரியை எடுங்கள்.

குலுக்கலில் உங்கள் வீடே விழுந்தால், அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள். 1999ஆம் ஆண்டின் புள்ளியியல் சட்டப்படி சொன்ன பதில் ரகசியம். ஆளை அடையாளம் காட்டும் விதமாக வரித்துறைக்கோ உதவித்தொகை அலுவலகத்துக்கோ அது போகாது. ஆயாவைப் பதில் சொல்ல விடுவதைவிட, பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்தைச் சொல்லி மாலையில் வரச் சொல்வது நல்லது. முறுக்கு விற்றதையும் இரவில் கார் ஓட்டியதையும் பின்கட்டில் குடியிருப்பவர்களையும் விடாமல் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி வருவார்கள், அதே கேள்விகள்தான். நான்கு முறை முடிந்ததும் உங்கள் வீடு பட்டியலிலிருந்து போய்விடும், அதே பகுதியில் வேறொரு வீடு அந்த இடத்துக்கு வரும்.